பாதை அக்கரையில நிக்குது

பண்ணைத் தாம்போதியில் காலை ஏழரை மணிக்கு நின்றால் அவரைக் காணாமல் விட முடியாது. இரண்டு பக்கமும் கடல். நடுவில் கயிறு பிடித்துக் கட்டியதுபோல ஒரே தெரு. இடப்பக்கம் திரும்பினால் களங்கண்டி வலை, வலப்பக்கம் திரும்பினால் இறால் கூடு. இந்தத் தெருவில் வழி தவற வேண்டுமென்றால் ஆளுக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். இதே தெருவில்தான் மேப் தம்பியார் மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலில் போனைப் பூட்டி, ஒரு காதில் ஹெட்செட்டைச் செருகி, நீலக்கோட்டைப் பார்த்தபடி யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைக்குப் போய்க்கொண்டிருப்பார். வேலணை அவருடைய தாயின் ஊர். கிழமைக்கு இரண்டு தரம் போய்வருகிற ஊர்.

“நேராகச் செல்லவும்” என்கிறது போன். தம்பியார் நேராகச் செல்கிறார்.

மண்டைதீவுச் சந்தி கடந்து, அல்லைப்பிட்டி கடந்து, மண்கும்பான் பிள்ளையாருக்கு ஹாண்டிலை விடாமல் ஒரு கையால் கும்பிடு போட்டு, வங்களாவடிச் சந்திக்கு வருகிறவரைக்கும் போனுக்குச் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. இருந்தாலும் தம்பியார் அதை நிறுத்தமாட்டார். “வழி தெரியாமல் இல்லை, எத்தினை மணிக்குப் போய்ச் சேருவன் எண்டு பாக்கத்தான்” என்பார். போன் 8.04 என்று சொன்னால் 8.03க்குப் போய்ச் சேருவதில் அவருக்கு ஓர் இரகசிய மகிழ்ச்சி. சின்ன வயதில் இந்த மகிழ்ச்சி பஸ்ஸை முந்துவதில் இருந்தது.

தீவுப்பகுதியில் இந்த இனம் பெருகிவருகிறது. அதற்குள்ளேயே மூன்று வகுப்பு உண்டு. முதலாம் வகுப்பு, நம்முடைய தம்பியாரைப்போல ஹாண்டிலில் ஸ்டாண்ட் பூட்டியவர்கள். மழைக்கு ஒரு ஷொப்பிங் பாக், கழன்று விழாமல் இருக்க இரண்டு இறப்பர் வளையம். இரண்டாம் வகுப்பு, ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் இடையில் போனைச் செருகுகிறவர்கள். இவர்களுக்குக் குரல் மட்டும்தான், படம் கிடையாது. அசரீரி கேட்ட புராண காலத்து அரசர்களைப்போல ஓடுவார்கள். மூன்றாம் வகுப்பு, பின்னால் இருக்கும் மனைவியின் கையில் போனைக் கொடுத்து “பாத்துச் சொல்லும்” என்கிறவர்கள். இந்த வகுப்பில் சந்திக்குச் சந்தி வண்டி நிற்கும். நிற்பதற்கான காரணம் தெருவில் இராது.

ஸ்டாண்ட் வகுப்புக்கும் கவலைகள் இல்லாமல் இல்லை. மதிய வெயிலில் போன் கொதித்துத் தானாக அணைந்துவிடும். தம்பியார் பூவரசு நிழலில் வண்டியை நிறுத்தி, காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் செய்வதுபோல அதற்கு ஊதிக்கொண்டிருப்பார். கிடங்கும் திட்டியுமான தெருவில் வேறொரு நோய் வரும். 2021 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: வலுவான எஞ்சின் உள்ள மோட்டார் சைக்கிள்களின் ஹாண்டிலில் ஐபோனைப் பூட்டினால், நீண்ட நேர அதிர்வு அதன் கமராவுக்குள் இருக்கும் நுண்ணிய நிலைப்படுத்தும் பொறியைக் கெடுக்கலாம் என்று. தம்பியாருடையது ஐபோன் அல்ல. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து கிடங்கு வரும்போதெல்லாம் அவர் சீற்றிலிருந்து எழும்பி நிற்கிறார். தன்னுடைய முதுகுத்தண்டைப் பற்றி எந்த நிறுவனமும் அறிக்கை விடாதபடியால் அதைப்பற்றி அவர் யோசிப்பதில்லை.

சோளகம் தொடங்கிவிட்டால் கதை வேறு. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்று, மறைப்பில்லாத தாம்போதியில் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தள்ளும். மேப்பில் நேராக இருக்கிற தெருவில் தம்பியார் சரிந்தபடி நேராகப் போவார். காற்றைத் தம்பியாரின் மேப் கீறிக் காட்டுவதில்லை. பண்ணையில் வீச்சு வலையோடு நிற்கிறவர் அதை வெறும் முதுகால் வாசித்துவிடுவார்.

தம்பியாருக்கு இத்தனை மேப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு வேலணையில் இருக்கிற அவருடைய பெரியம்மாவைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். சொந்தக்காரர் ஒருவரின் வீட்டுக்கு ஒருமுறை அவர் சொன்ன வழி இது:

“நேர போ மோனை. சங்கக்கடை வரும், அது இப்ப பூட்டு. அதால திரும்பாத. பேந்து புளியடி வரும். புளி இப்ப இல்லை, ஷெல் விழுந்து போட்டுது. அந்தப் புளி நிண்ட இடத்தால சோத்துக்கைப் பக்கம் ஒரு ஒழுங்கை. வாத்தியார் வீட்டு மதில் தெரியும்.”

“எந்த வாத்தியார் பெரியம்மா?”

“அவை கனடாவில.”

“சரி, மதில்?”

“அது இடிஞ்சு போச்சு. உதிலதான், கிட்டத்தான்.”

இந்த ‘உதில’ என்ற சொல்லில் விழுந்து எழும்பாதவர் தீவுப்பகுதியில் இல்லை. இந்த, அந்த என்ற இரண்டோடு மற்ற ஊர்கள் திருப்திப்பட்டுவிட்டன. யாழ்ப்பாணத்தார் இடையில் ‘உந்த’வையும் விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இது, உது, அது. இலக்கணத்தில் உகரச்சுட்டு நடுத்தரத் தூரம். நடைமுறையில் பத்து யார் தூரமும் ‘உதில’தான், மூன்று கட்டையும், அதாவது மூன்று மைலும், ‘உதில’தான். பெரியம்மா கையை நீட்டி ‘உதில’ என்று சொன்னால், கை எவ்வளவு நீளத்துக்கு நீண்டது, நாடி எவ்வளவு உயர்ந்தது, சொல் எத்தனை மாத்திரைக்கு இழுபட்டது என்பவற்றைக் கூட்டித்தான் தூரத்தைக் கணக்கிட வேண்டும். தம்பியாருக்கு அந்தக் கணக்கு வராது.

வராததற்கு அவரைக் குறைசொல்லவும் முடியாது. 1990களின் தொடக்கத்தில் சண்டையால் தீவுச் சனம் ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவர் பிறந்திருக்கவில்லை. பிறந்தது வேறோர் ஊரில், வளர்ந்தது இன்னோர் ஊரில். புளியமரம் நின்ற காலத்தில் அவர் அதன்கீழ் விளையாடியிருந்தால், மரம் போனபின்னும் அதில் திரும்பியிருப்பார். பெரியம்மாவின் தலைக்குள் இருக்கிற படத்தில் வாத்தியாரின் மதில் இன்னும் சுண்ணாம்பு பூசியபடி நிற்கிறது, சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை நிற்கிறது. தம்பியாரின் போனில் அந்த இடம் வெறும் சாம்பல் நிறம்.

ஆகவே அவர் போனை நம்பினார். போன் கூப்பிட்டுக்கொண்டுபோய் ஒரு பனங்கூடலுக்குள் விட்டு, “உங்கள் இலக்கை அடைந்துவிட்டீர்கள்” என்றது. எதிரே நின்றது ஒரு மாடு.

ஊர்ப்பெயர்களாலும் தம்பியார் பட்டிருக்கிறார். நெடுந்தீவுக்குப் போக வேண்டும் என்று ஒருநாள் டெல்ஃப்ட் என்று தட்டினார். போன் சிறிது யோசித்து, நெதர்லாந்திலுள்ள டெல்ஃப்ட் நகரத்தைக் காட்டி, வழி எதுவும் கிடைக்கவில்லை என்று கைவிரித்தது. இதில் போனின் பிழை பாதிதான். மிச்சப் பாதி ஒல்லாந்தருடையது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள், ஊர் நினைவு வந்ததோ என்னவோ, தீவுகளுக்கெல்லாம் தங்கள் பட்டினங்களின் பெயரைச் சூட்டினார்கள். வேலணைத்தீவு லைடன் ஆனது; புங்குடுதீவு மிடில்பேர்க்; நயினாதீவு ஹார்லெம்; காரைதீவு அம்ஸ்ரடாம்; அனலைதீவு றொட்டடாம். நெடுந்தீவு டெல்ஃப்ட். மற்றப் பெயர்களைச் சனம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. டெல்ஃப்ட் மட்டும் கந்தோர்க் கடிதங்களில் ஒட்டிக்கொண்டு இன்றுவரை கழலவில்லை. அந்தப் பெயர்களெல்லாம் நிலைத்திருந்தால் தம்பியார் லைடனில் சோறு தின்று, மிடில்பேர்க்கில் தேத்தண்ணி குடித்து, டெல்ஃப்டுக்கு லோஞ்ச் ஏறுவார். நெதர்லாந்தில் லைடனிலிருந்து டெல்ஃப்டுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூடப் பிடிக்காது. இங்கே லோஞ்ச் புறப்படுகிற நேரத்தை முதலில் யாரிடமாவது கேட்டறிய வேண்டும்.

மேப்பைப் பார்த்துப் பெயர் வைப்பதில் ஒல்லாந்தருக்கு ஒரு பசியும் இருந்திருக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் நிற்கிற கோட்டைக்கு அவர்கள் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். ‘பன்றித்தொடையின் குதி’ என்று பொருள். இலங்கையின் படம் அவர்களுக்குப் பன்றித்தொடையாகத் தெரிந்ததாம்; கோட்டை நின்ற இடம் குதிக்கால். ஊர்ச்சனம் அதைப் பார்த்து, கடலுக்குள் நிற்கிறது, ஆகவே கடற்கோட்டை என்று முடித்துவிட்டது.

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு தேத்தண்ணிக் கடை. புங்குடுதீவின் அந்த முனையில்தான் தெரு முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்துதான் கடல் வழி. ஆனியில் நாகபூசணி அம்மன் திருவிழா என்றால் அந்தத் துறையில் மோட்டார் சைக்கிள்கள் நெத்தலி காயப்போட்டதுபோல வரிசையாகக் கிடக்கும். ஒருநாள் தம்பியார் அந்தக் கடையில் உட்கார்ந்து போனுக்கு டேட்டா போடச் சொல்லிக் கடைக்காரரிடம் காசு நீட்டினார். “டேட்டா முடிஞ்சா ஜீபீஎஸ் நிண்டுபோம்.”

பக்கத்து வாங்கில் இருந்த ஒரு சம்மாட்டி திரும்பினார். “ஆர் சொன்னது?”

சம்மாட்டியின் படகில் ஜீபீஎஸ் கருவி ஏறிக் கனகாலம். வலை விட்ட இடத்தையும், பார் கிடக்கிற இடத்தையும் அதில் குறித்து வைத்துக்கொண்டு இரவில் திரும்பிப்போய் எடுக்கிறவர். நடுக்கடலில் அவருக்கு எந்தக் கம்பனி டேட்டா கொடுத்தது? தெருவில் ஓடுகிறவர்கள் மூன்று வேறு சாமான்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள் என்று அவர் கையால் கணக்குக் காட்டினார். ஒன்று, மேலே சுற்றுகிற அமெரிக்காவின் செய்மதிகள். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில், வேலையில் இருப்பவை முப்பது வரை. அவை நேரத்தைச் சொல்லிக்கொண்டேயிருக்கும், போன் கேட்டுக்கொண்டேயிருக்கும். நாலு செய்மதியின் குரல் கேட்டால் நிற்கிற இடம் தெரிந்துவிடும். அதற்கு ஒரு சதமும் இல்லை. இரண்டாவது, மேப். அது யாரோ கீறியது. மூன்றாவதுதான் டேட்டா, மேப்பை அப்பப்போ இறக்குகிற கூலி. வீட்டில் வைஃபையில் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் இந்தக் காசு மிச்சம்.

“அப்ப நான் இவ்வளவு நாளும்?”

“கூலி குடுத்தனீர்.”

சம்மாட்டிக்குப் பழைய கதையும் தெரிந்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரைக்கும் அமெரிக்கா, படை அல்லாதவர்களுக்கு வருகிற சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. நூறு மீற்றர்வரை பிசகும். அந்தக் காலத்தில் தம்பியார் பண்ணையால் போயிருந்தால் அவருடைய நீலப்புள்ளி தாம்போதியை விட்டிறங்கி நண்டு பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது வானம் திறந்த இடத்தில் போனின் பிசகு ஐந்து மீற்றர் அளவில். தீவில் வானம் எப்போதும் திறந்தேதான் இருக்கிறது; பனையை விட உயரமானது கோயில் கோபுரமும் போன் கோபுரமும்தான்.

ஐன்ஸ்டைனையும் இந்தக் கடை வாங்கிலேயே உட்கார்த்தி விடலாம். உயரத்தில் ஈர்ப்பு குறைவு, ஓட்டமும் வேகம். இரண்டையும் கூட்டிக் கழித்தால் செய்மதியின் மணிக்கூடு நம்முடையதை விட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ செக்கன் முந்தி ஓடும். சார்பியலைப் பார்த்து அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றர் அளவுக்குப் பிழை சேரும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது ஐன்ஸ்டைன் இல்லாவிட்டால், நேற்றுக் காலை குறிகட்டுவானில் தேத்தண்ணிக்குச் சொன்னவரை இன்றைக்குப் போன் நெடுந்தீவில் இறக்கிவிட்டிருக்கும். லோஞ்சுக்குக் காத்திருக்கிற சனம் இதைக் கேட்டால், திருத்தாமலே விட்டிருக்கலாம் என்றுதான் சொல்லும்.

தம்பியாரின் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள் ஊர்காவற்றுறைத் துறையில் நடந்தது. காரைநகரில் ஒரு கலியாண வீடு. போன் அழகாக ஒரு நீலக்கோட்டைக் கடலுக்குக் குறுக்கே கீறி, அக்கரையில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. துறைக்கு வந்தால் தெரு தண்ணீருக்குள் இறங்குகிறது. கரையில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, காரைநகர்ப் பாதை எது?”

“பாதை அக்கரையில நிக்குது.”

தம்பியார் போனைப் பார்த்தார். பாதை இங்கிருந்து அங்கே போகிறது. “அக்கரையில எப்பிடி ஐயா பாதை நிக்கும்?”

“வரும், நில்லும். பத்து மணிக்கு வரும்.”

“பாதை வருமோ?”

“பாதை வராமல்? நேற்றுத்தான் பழுது. இண்டைக்கு ஓடுது.”

நிற்கிற பாதை, வருகிற பாதை, பழுதாகிற பாதை, ஓடுகிற பாதை என்று தம்பியாருக்குத் தலை சுற்றிற்று. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக் கடலைக் கடக்கிற அந்த மிதவைக்கு ஊரில் ‘பாதை’ என்றே பெயர் என்பது பிறகுதான் விளங்கியது. கடலில் தெரு போட முடியாத இடத்தில் ஒரு துண்டுத் தெருவை வெட்டி மிதக்கவிட்டதுபோலத்தான் அதுவும் இருக்கும். சில நிமிட ஓட்டம். அது இல்லையென்றால் பண்ணைத் தாம்போதியால் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி, பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குள் இறங்க வேண்டும். ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். போன் பொறுமை இழந்து, “மாற்றுவழி” என்று அந்த நாற்பது கிலோமீற்றரையும் காட்டியது. தூண்டில்காரர் ஓர் ஓரா மீனை இழுத்துப் போட்டுவிட்டு, “நில்லும்” என்றார் இன்னொரு தரம்.

தம்பியார் நின்றார். பாதை வந்தது.

நெடுந்தீவுக்கு அவர் கடைசியில் போனது ஒரு பங்குனி மாதம், கடல் பாய் விரித்ததுபோலக் கிடந்த நாள். மோட்டார் சைக்கிளையும் படகில் ஏற்றிக் கயிற்றால் வரிந்து கட்டினார்கள். வடதாரகை, நெடுந்தாரகை என்று இந்தக் கடலில் ஓடுகிற படகுகளுக்கு நட்சத்திரப் பெயர்கள். செய்மதி வருமுன் வழிகாட்டியவற்றை யாரும் மறந்துவிடவில்லை. நடுக்கடலிலும் தம்பியார் போனை அணைக்கவில்லை. நீலப்புள்ளி தெருவில்லாத நீலத்துக்குள் மெல்ல நகர்ந்தது. “வழி மீண்டும் கணக்கிடப்படுகிறது” என்று அது சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்த ஆச்சி தன் கடகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, “ஆரோடை மோனை கதைக்கிறாய்?” என்றார்.

நெடுந்தீவு ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர். அங்கே வேலி கிடையாது. முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய மதில்கள். ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் மதில், மதிலுக்கு அப்பால் இன்னொரு மதில், அதற்கப்பால் இன்னோர் ஒழுங்கை. சோறு தின்ற கைக்கும் மற்றக் கைக்கும் வித்தியாசமே தெரியாது. செய்மதிக்கு எந்த மறைப்பும் இல்லாத ஊர்; தம்பியார் நிற்கிற இடத்தைப் போன் துல்லியமாகச் சொல்லியது. ஆனால் அந்த இடத்தைச் சுற்றி மேப்பில் ஒரு கோடும் இல்லை. வெள்ளைத்தாளின் நடுவில் ஒரு நீலப்புள்ளி. பெருக்குமரத்தைப் பார்க்க வந்தவர் கட்டைக் குதிரைகளின் நடுவில் நின்றார். குதிரைகள் வழிவிடவில்லை, இந்தியாவில் 2017இல் கூகுள் மேப்பில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனி வழி காட்டத் தொடங்கியது அவற்றுக்குத் தெரியாது.

சைக்கிளில் வந்த ஒரு பெடியன் இறங்கினான். “எங்க அண்ணை போகவேணும்?”

“பெருக்குமரம்.”

“உதிலதான்” என்று கையை நீட்டினான். தம்பியார் இம்முறை கையின் நீளத்தையும் நாடியின் உயரத்தையும் கவனமாகப் பார்த்தார். அரைக்கட்டை என்று மதிப்பிட்டார். போய்ச் சேர்ந்தபோது மீற்றரில் எண்ணூறு மீற்றர்.

திரும்பி வந்தபிறகு தம்பியாருக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது. இல்லாத ஒழுங்கைகளை மேப்பில் சேர்ப்பது என்று முடிவெடுத்தார். எவரும் சேர்க்கலாம், 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் முழுதும் அப்படிச் சனமே கீறிய படம்தான். வேலணையில் மதகு, கேணி, வாசிகசாலை, பூட்டின சங்கக்கடை என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். புளியடிக்கும் ஒரு குறி. “புளி இல்லாத இடத்துக்குப் புளியடி எண்டு போடலாமோ?” என்று தாயிடம் கேட்டார். “வேற என்னெண்டு போடுறது?” என்றார் தாய்.

வைரவர் கோயிலைக் குறிக்கும்போது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கிடங்கு ஒன்று வந்தது. தம்பியார் வழமைபோலச் சீற்றிலிருந்து எழும்ப, விரல் அரை அங்குலம் தள்ளி விழுந்தது. வைரவர் போய்ப் பெரியம்மாவின் வளவுக்குள் குடியேறிவிட்டார்.

ஆவணியில் ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சனம் வந்து இறங்கியது. வாடகை மோட்டார் சைக்கிள்களின் ஹாண்டில்களில் விலை கூடிய போன்கள். குலதெய்வத்தைத் தேடி வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெரியம்மாவின் படலையில் வந்து நின்றார்கள். “இலக்கை அடைந்துவிட்டீர்கள்” என்ற குரல் அடுப்படிவரை கேட்டது. பெரியம்மா முதல் நாள் இரண்டு பேருக்கு வழி சொன்னார். மூன்றாம் நாள் முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டார். வந்தவர்களில் ஒருவர் கனடா வாத்தியாரின் மகன். தேத்தண்ணி குடித்துவிட்டு, தகப்பன் கட்டின மதில் எங்கே என்று கேட்டார்.

“உதிலதான்” என்று பெரியம்மா கையை நீட்டினார். அவர் போனில் தேடத் தொடங்கினார்.

“அதை மடிச்சு வைச்சிட்டு வா மோனை, நானே காட்டுறன். போகேக்க படலையைச் சாத்து, ஆடு உள்ளுக்க வந்திடும்.”